'சொந்தக் காரணங்களால் விலகினார்'

(ஆண்டிபட்டியில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்து வருவதற்கு எப்படித் திட்டமிடுவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆண்டிபட்டியில உக்காந்துக்கிட்டு இதப் பேசுறதா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. இந்தத் தேனி மாவட்டத்தில் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டும் போடிமெட்டும் தாண்டி, ஏலத்தோட்டத்துல வேலை பார்த்துட்டுப் பொழுது சாய வீடு திரும்புற சனம் நாம. அதற்கும் முந்தி கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனோம். கடல் தாண்டினால் தீட்டு என்று சாத்திரம் எழுதியவன் வேறு ஆள். எல்லை தாண்டுவது நமக்குப் புதுசில்லை. கூலியாகத் தாண்டினோம். மாணவராகத் தாண்டுவதுதான் புதுசு.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். ஊர், பேர், கல்லூரி வேண்டாம். அம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். இந்தப் பிள்ளை வகுப்பில் முதல். அந்தக் கல்லூரிக்கு ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தது. நேர்காணலில் தேர்வானாள். 'கல்விக் கட்டணம் கிடையாது' என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். பிறகுதான் விசாவுக்கான பட்டியல் வந்தது. ஒரு மாதத்துக்கு 992 யூரோ கணக்குப் போட்டு, ஆறு மாதப் பணத்தையும் முன்கூட்டியே ஒரு கணக்கில் கட்டி முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மன் அரசு வைத்த கணக்கு அது. 5,952 யூரோ. நம்ம காசுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம். அந்தப் பிள்ளை போகவில்லை. அடுத்த இடத்தில் இருந்த பையன் போனான். கோப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'சொந்தக் காரணங்களால் விலகினார்.'

அம்மாவின் கூலி எப்படிய்யா சொந்தக் காரணமாகும்?

பரிமாற்றம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நீ உன் கல்லூரியில் கட்டணம் கட்டுகிறாய், அவன் அவனுடைய பல்கலைக்கழகத்தில் கட்டுகிறான், இருவரும் இடம் மாறிக்கொள்கிறீர்கள். இதில் கல்விக் கட்டணம் மட்டும்தான் ஈடாகிறது. விமானச் சீட்டு, அறை வாடகை, சாப்பாடு, விசா, காப்பீடு எதுவும் ஈடாகாது. அதெல்லாம் அப்பாவின் வங்கிக் கணக்கில் இருக்கும் என்று எழுதாமலே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அப்பா யார், அவருக்கு எத்தனை தலைமுறையாக நிலம் இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அரசு உதவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் இரண்டுமே முதுகலை அல்லது முனைவர் பட்டத்தை அங்கேயே முழுசாகப் படிப்பவர்களுக்கு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையோ இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்கு. ஒரு செமஸ்டர் மட்டும் போய் வருகிற பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் விழுகிறாள்.

அம்பேத்கர் 1913-இல், 22 வயதில், நியூயார்க் போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்தது மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருசத்துக்கு. பதிலுக்குப் பத்து வருசம் சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாகப் பத்திரம். கொலம்பியாவிலிருந்து 1916-இல் லண்டன் போனார். 1917-இல் உதவி நின்றது, பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அவர் கப்பலேறினார். பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகராசர் தந்தது, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன், இவற்றோடு 1920-இல் மறுபடி போனார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

மலைக்கு அந்தப் பக்கம் உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன் 1945-இல் டாடா உதவியில் லண்டன் போனார். ஒருவருக்கு மன்னர், ஒருவருக்கு முதலாளி. இப்படித் தயவில் நடப்பதை உரிமையாக மாற்றத்தான், வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் 1942-இல் கொடுத்த மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் வெளிநாட்டுப் படிப்புக்கு அரசே பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார் அம்பேத்கர்.

அந்த உரிமையை இன்று என்ன செய்திருக்கிறார்கள்? 2022-இல் மத்திய அரசு தன் வெளிநாட்டு உதவித்தொகை விதிகளில் ஒரு வரி சேர்த்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் கிடையாதாம். அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியாவில் படித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றியது. இந்த விதி அன்று இருந்திருந்தால் அந்தக் கட்டுரையை எழுத அவருக்குப் பணம் கிடைத்திருக்காது. நாம் வெளியே போகலாம், சாதியைப் பற்றி மட்டும் அங்கே எழுதக் கூடாது என்பதுதான் இதன் அர்த்தம்.

சரி, போக நினைக்கிறவர்கள் செய்ய வேண்டியது என்ன? ஒரு வருசத்துக்கு முந்தியே தொடங்குங்கள். முதலில் பாஸ்போர்ட். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். நம்ம பிள்ளைகளுக்கு இன்ஷியல்தான் வினை. பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து, ஆதாரில் அப்பா பேர் முழுசா, சாதிச் சான்றிதழில் வேற மாதிரி எழுத்து. இதைச் சரிசெய்யவே மாதக்கணக்காகும். இரண்டாவது, அங்கே படிக்கப்போகும் பாடங்களுக்கு இங்கே மதிப்பெண் கணக்கு உண்டு என்று துறைத் தலைவரும் தேர்வுப் பிரிவும் கையெழுத்திட்ட தாள். அது இல்லாமல் போனால் திரும்பி வரும்போது அரியர்தான் காத்திருக்கும். மூன்றாவது, உன் பெயர் இங்கே பதிவேட்டில் தொடர்கிறது என்ற கடிதம். இல்லையென்றால் இருக்கிற உதவித்தொகையும் சிக்கலாகும். நான்காவது, முழு உதவித்தொகைக் கடிதம் கையில் இருந்தால் ஜெர்மன் விசாவுக்கு அந்த முடக்குப் பணம் வேண்டியதில்லை. ஆகவே வாழ்க்கைச் செலவையும் தருகிற அய்ரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் போன்ற திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 'கட்டணம் இல்லை' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். அம்பேத்கர் போல, தாள் கையில் வராமல் வண்டி ஏறாதீர்கள்.

அங்கே போனால் சாதி இருக்காது என்றும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகராட்சி 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது. சாதி நமக்கு முந்தியே விசா வாங்கிவிட்டது.

இத்தனையையும் ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடியாது. கல்லூரிக்குக் கல்லூரி நம் மாணவர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து, எந்தெந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறது, இதுவரை போனவர்கள் யார் யார், அதில் நம் பிள்ளைகள் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். செமஸ்டர் பரிமாற்றத்துக்குத் தேர்வாகும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பயணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை பணம் தர வேண்டும் என்று கோரிக்கை வைக்க வேண்டும். முழுப் பட்டத்துக்கு ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிற அரசுக்கு ஒரு செமஸ்டருக்கு ஆறேழு லட்சம் தருவது பாரமில்லை.

அந்தப் பிள்ளை இப்போது முதுகலை படிக்கிறாள். மறுபடி விண்ணப்பிக்கிறாயா என்று கேட்டேன். "சார், இந்தத் தடவ பணம் இல்லாம நிறுத்துனா, பணம் இல்லன்னுதான் எழுதச் சொல்லுவேன்" என்றாள். அதுதான் தொடக்கம். அவள் அதைக் கேட்கும்போது பக்கத்தில் நீங்களும் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.