இடைவேளை மணி

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஒரு வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நாளைத் திட்டமிடுவது பற்றி எங்கள் வகுப்பினர் பேசவேண்டும் என்று சங்கம் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நேரத்தை ஒழுங்காகக் கையாள்பவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் நாங்கள். களைத்து விழுந்தவர்களும் நாங்களே.

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி கொளுத்திப் படித்தோம். கணக்கைப் பகல் வெளிச்சத்திலேயே செய்து முடிப்போம். பாடமாக்கியதை இருட்டில் இருந்து ஒருவருக்கொருவர் ஒப்புவிப்போம். எண்ணெய் முடிந்தால் படுக்கைதான். அந்தக் காலம் திரும்பவும் வரவேண்டாம். ஆனாலும் அந்த நாட்களுக்கு ஒரு முடிவு இருந்தது. இன்று விளக்கும் அணைவதில்லை, கைத்தொலைபேசியும் ஓய்வதில்லை.

எங்கள் தோழி ஒருத்தி ஆசிரியை. வகுப்பிலே நேரசூசியை நிற மையால் கீறி ஒட்டுபவள் அவள்தான். காலமை நாலு மணிக்குச் சமையல், பிறகு பாடசாலை, பின்னேரம் ரியூசன், படுக்கையில் இருந்த மாமியாரின் பராமரிப்பு, நடுச்சாமம் வரை விடைத்தாள் திருத்தல். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் இருந்த பிள்ளைகளின் பெயர்கள் வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள். வைத்தியசாலையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். ஆனா என்னால ஒண்டும் ஏலாமக் கிடக்கு" என்று எங்களிடம் அழுதாள்.

அவளைச் சோம்பேறி என்று எவரும் சொல்லமுடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் இந்த நிலைக்கு விளக்கம் தந்தது. அது ஒரு நோயல்ல; வேலையிடத்தில் நீண்டகாலம் தீராமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவு. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலையில் வெறுப்பு, செய்வதில் திறன் குறைதல். வீட்டு வேலையை அந்த விளக்கம் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் வீடுகளும் பெரும்பாலும் எடுப்பதில்லை. கிழமைக்கு 55 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்குப் பாரிசவாத ஆபத்து கூடும் என்று அதே ஸ்தாபனமும் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் 2021 இல் சேர்ந்து எச்சரித்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் கூடி, அவரவர் நாளைப் பாடசாலை நேரசூசி போலவே 40 நிமிடப் பாடவேளைகளாக எழுதிப் பார்த்தோம். ஐந்து கொப்பியிலும் ஒன்று இல்லை: இடைவேளை. எட்டுப் பாடவேளையையும் மனதில் கொண்டுவந்த நாங்கள் நடுவில் அடித்த மணியைப் பாடசாலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

அதன்பிறகு நாங்கள் கைக்கொண்டவை சில. முதலில் இடைவேளையை எழுதுகிறோம். வேலைகளை அதைச் சுற்றி எழுதுகிறோம். ஒரு நாளுக்கு முக்கியமான வேலை மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. மூளையைப் பிழிகிற வேலையை உடல் தெம்பாக இருக்கும் நேரத்துக்கும், உடுப்பு மடிப்பது போன்றவற்றைச் சோர்ந்த நேரத்துக்கும் ஒதுக்குகிறோம். ஒரு பாடவேளையை வெறுமையாக விடுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், விருந்தாளி வருவார், செத்தவீடு வரும். இரவு ஒன்பது மணிக்கு "எண்ணெய் முடிந்தது" என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

இவை மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டு பேரின் சுமையை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அது இரண்டு பேரின் சுமைதான். தோழியின் கொப்பியை அவள் கணவரும் மகனும் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. காலைச் சமையலில் பாதி மகனுக்குப் போனது. மாமியாரின் இரவு மருந்து கணவரின் பொறுப்பானது. ரியூசன் வகுப்புகளில் ஒன்றை அவள் விட்டாள். வருமானம் குறைந்தது உண்மை. சில மாதங்களில் பிள்ளைகளின் பெயர்கள் அவளுக்குத் திரும்பி வந்ததும் உண்மை.

உயர்தரம் படிக்கும் தங்கைமாரே, நித்திரையை விழுங்கிப் படிப்பதைப் பெருமையாகப் பேசாதீர்கள். நாங்களும் அப்படிப் பேசித்தான் வளர்ந்தோம். நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலையின் மணி வகுப்புக்கு மட்டும் அடிக்கவில்லை. விளையாடவும் சாப்பிடவும் வீட்டுக்குப் போகவும் அடித்தது. அந்த மணிகளையும் கூடவே கொண்டுபோங்கள்.

அந்தத் தோழி இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். இந்த உரையை எழுதியதில் பாதி அவள். நேரமும் முடிகிறது, சொன்னபடி நாங்களும் நிறுத்திக்கொள்கிறோம்.