திறந்திருந்த கதவின் விலை



நூலகத்தைக் களமாகக் கொண்ட நாவல் என்றதும் நூலன்பர் நெஞ்சம் பாதி இசைந்துவிடுகிறது. ஜேனட் ஸ்கெஸ்லியன் சார்ல்ஸின் ‘த பாரிஸ் லைப்ரரி’ அந்த இசைவைப் பெற்றும் ஏமாற்றமே தருகிறது.

அதன் களம் கற்பனையன்று. முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்கு அனுப்பப்பட்ட நூல்களைக் கொண்டு 1920-இல் பாரிஸில் தோன்றியது அமெரிக்க நூலகம். 1940 ஜூனில் நகரம் ஜெர்மானியர் வசமான பின்னரும் அது நிலைத்தது. உள்ளே வரத் தடை விதிக்கப்பட்ட யூத வாசகர்க்கு ஊழியர்கள் வீடு தேடிச் சென்று நூல் கொடுத்தனர். 1941-இல் இயக்குநர் டோரதி ரீடர் தாயகம் திரும்பியபின், கிளாரா த ஷாம்ப்ரன் பொறுப்பேற்றார். அவருடைய மருமகளோ, ஜெர்மானியரோடு ஒத்துழைத்த விஷி அரசின் தலைவர்களில் ஒருவரான பியேர் லவாலின் மகள். நூலகம் பிழைத்ததில் அந்த உறவுக்கும் பங்குண்டு.

அறமும் கறையும் ஒரே கூரையின்கீழ் நின்ற இடம் அது. நூலகத்தின் கதவு திறந்திருக்க எந்த விலை தகும்? இக்கேள்வியே நாவலின் உயிராகியிருக்க வேண்டும், பின்புலமாக ஒதுங்கிவிட்டது. நூலகப் பணிப்பெண் ஒடீலின் காதலும் தோழமையும் முன்னே வந்து நிற்கின்றன. நூற்பகுப்பு எண்களால் அவள் சிந்திப்பது முதலில் இனிக்கிறது. பின்னர் வெறும் அணியாகிவிடுகிறது.

காவல்துறை அதிகாரியான தந்தையின் அலுவலகத்தில், அயலாரைக் காட்டிக்கொடுக்கும் மொட்டைக் கடிதங்களை ஒடீல் காணும் இடம் மட்டும் நெஞ்சை உலுக்குகிறது. எழுத்தறிவு கொலைக்கருவியாவதை நூல்களின் நடுவே வாழ்பவள் அங்கே அறிகிறாள். அந்த அதிர்ச்சியில் நிலைக்க நாவலுக்குப் பொறுமையில்லை. உடனே 1983-ஆம் ஆண்டின் மொன்டானாவுக்குத் தாவுகிறது. அங்கே முதிய ஒடீலும் அண்டை வீட்டுச் சிறுமி லில்லியும் நட்புக் கொள்கின்றனர். பொறாமையால் தோழியின் இரகசியத்தை வெளியிட்ட பழைய குற்றம், இளையவளுக்கு உரைக்கும் அறிவுரையாகச் சுருங்குகிறது.

இரு காலங்களை இணைக்கும் படைப்பில் ஒரு காலம் மற்றொன்றைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இங்கே பின்னது முன்னதற்கு ஆறுதல் மட்டுமே சொல்கிறது.

நூல்களை நேசிப்பதே ஒருவரை நல்லவராக்கிவிடாது. வரலாறு இதைச் சொல்லியிருக்க, நாவல் சொல்லத் தயங்கியது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டமொன்று அந்தத் தயக்கத்தைப் பாராட்டலாகாது.