மூதாதையர் சுவடும் ஏடும்



ஊரும் பேரும் தமிழர்க்கு இணைபிரியாதவை. ஒருவனை இகழ்ந்துரைக்க நேரின் 'ஊர் பேர் தெரியாதவன்' என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு. சங்கப் பாடல்களைத் தொகுத்த சான்றோர், பாடியவரைக் குறிக்கும்போது ஊரையும் தொழிலையும் உடன்சேர்த்தே குறித்தனர். கோவூர் கிழார் என்றனர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றனர். வாழ்க்கை வரலாறு ஒன்றும் எஞ்சாத புலவர்க்கும் ஊரொன்று எஞ்சி நிற்பது அவர்தம் ஒற்றை வரிக் குறிப்பால்தான்.

அத்தகைய ஒற்றை வரிக்குறிப்புக் கிடைத்த குடும்பத்தின் நிலை யாது? கிடைக்காத குடும்பத்தின் நிலை யாது? மூதாதையரைத் தேடுதல் வெறும் குலப்பெருமை பேசுதற்கோ, அன்றி அதனினும் பெரிய பயன் கருதியோ? பாலவனத்தத்தை நடுவாக வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

1. அரண்மனை ஏடு

அருப்புக்கோட்டைக்கு அண்மையில் உள்ள பாலவனத்தத்தின் பெயர் தமிழ் வரலாற்றில் நிலைபெறக் காரணமானவர், அதன் ஜமீன்தாராக விளங்கிய பாண்டித்துரைத் தேவர் (1867–1911). 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர்; வ. உ. சிதம்பரனார் கண்ட சுதேசிக் கப்பல் நிறுவனத்திற்குத் துணை நின்றவர். இவர்தம் தந்தையார் பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலர் போன்றாரின் பதிப்புப் பணிக்குப் புரவலராய் விளங்கியவர். பொன்னுசாமித் தேவரின் தம்பியாரே இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி. அவர் மைந்தர் பாஸ்கர சேதுபதி (1868–1903). விவேகானந்தர் 1893இல் சிக்காகோ செல்லத் தூண்டுதலாய் நின்றவர் அவரே.

இக்குடும்பத்தின் வழிமுறையை இன்று யாரும் எளிதில் எடுத்துரைக்கலாம். மு. இராகவையங்கார் 'செந்தமிழ் வளர்த்த தேவர்கள்' என்று தனி நூலே எழுதினார். அவர் எழுதும் முன்னரே நீதிமன்றம் எழுதிவிட்டது. இராமநாதபுரம் இராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவர் மறைந்தபின் முத்துராமலிங்கரை மகவாக ஏற்றார். அது செல்லாது என மதுரைக் கலெக்டர் வழக்காடினார். வழக்கு கடல்கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கணவர்வழிச் சுற்றத்தார் இசைந்தால் திராவிட நாட்டு வழக்கப்படி கைம்பெண் மகவு ஏற்கலாம் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. இந்துச் சட்டம் கற்போர் அனைவரும் இன்றளவும் படிக்கும் தீர்ப்பு அது.

ஒன்றை இங்கே கருதவேண்டும். அத்தீர்ப்புக்காக யார் யாருக்கு மகன், யார் எந்த முறையில் பங்காளி, யார் எப்போது இசைவு தந்தார் என்பவையெல்லாம் ஆராயப்பட்டன. சொத்தின் பொருட்டு எழுந்த வழக்கே ஒரு குடும்பத்தின் உறவுமுறையை எழுத்தில் நிறுத்தியது. ஏடு அக்குடும்பத்திற்கு உரிமையைத் தந்தது. அரசுரிமை அன்று கைநழுவியிருப்பின் சேதுபதிகள் மரபிலிருந்து தமிழுக்குக் கிடைத்த புரவலர் வரிசை எவ்வாறு அமைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

2. கப்பல் ஏடு

அதே கரிசலில், அதே கண்மாய்களின் கரையில், வழக்காடச் சொத்தில்லாதவரும் வாழ்ந்தனர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் வரும் நாள் சில. மணலோடும் நாள் பல. மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பொய்க்கும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் தென்னாடெங்கும் மக்கள் மடிந்தனர்; எஞ்சியவர் பலர் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தனர். பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் தமிழகத்திலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர் எண்ணற்றோர்.

இவர்களுள் நேட்டாலுக்குச் சென்றோர்க்கு ஓர் ஏடு வாய்த்தது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றோர் 1,52,184 பேர். இவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியோர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். கூலி ஓடிவிடாமற் காக்கவும், ஓடினால் பிடிக்கவும் எழுதப்பட்ட பட்டியல் அது, அன்பால் எழுதப்பட்டதன்று. ஆயினும் பேரனும் பேத்தியும் பிற்காலத்தில் தம் பாட்டனைக் காண்பதற்கு அதுவே கண்ணாடி ஆயிற்று. நெற்றித் தழும்பும் காலில் உள்ள மச்சமும்கூட அதில் உண்டு. எத்தனை அரசர்க்கு இத்தகைய குறிப்பு உண்டு?

பெண்களைப் பற்றி அப்பட்டியல் கூறுவதும் நோக்கத்தக்கது. ஊரில் எழுதப்படும் வமிசாவளியில் தந்தை, மகன், பேரன் என்று ஆண்வழி மட்டுமே ஓடும். மணமாகிச் சென்ற மகளும் மணமாகி வந்த மருமகளும் அதில் இடம்பெறுவதில்லை. கப்பல் ஏட்டிலோ பெண்ணுக்கும் தனி எண், தனிப் பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர் எல்லாம் உண்டு. கணவனுடன் சென்றவளும் தனித்துச் சென்ற கைம்பெண்ணும் ஒருங்கே அதில் நிற்கின்றனர். தாய்வழிப் பாட்டியைத் தேடுவோர்க்கு ஊர் ஏடு கைவிரிக்க, கூலி ஏடு கைகொடுக்கிறது.

3. பாடபேதம்

ஏடு இருந்தால் மட்டும் போதுமோ? ஏட்டைப் படிக்கத் தெரியவேண்டும். இதில் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் கண்ட நெறி பெரிதும் பயன்படும்.

ஓலைச்சுவடியில் எழுதினோன் பிழை போலவே கப்பல் ஏட்டிலும் பிழை உண்டு. கூலி சொல்லியது தமிழ். எழுதினோன் காதில் விழுந்தது வேறு. ஆங்கில எழுத்தில் அமைந்தது மற்றொன்று. முனிசாமி 'மூன்சாமி' ஆனார். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார். தந்தை பெயர் குடும்பப் பெயராகி வழிவழியாய்த் தொடர்ந்தமையின், மூன்சாமி என்னும் பெயருடைய இரு குடும்பத்தார் உறவினராதல் வேண்டும் என்பதில்லை. ஊர்ப்பெயரோ இன்னும் சிதைந்தது. ஆதலின் ஒரு படியை மட்டும் நம்பாமல், கப்பல் பட்டியல், ஒப்பந்தச் சீட்டு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு ஆகிய பல படிகளையும் ஒப்புநோக்கிச் சரியான பாடத்தைத் துணிய வேண்டும். உ. வே. சாமிநாதையர் சுவடிகளுக்குச் செய்ததை ஒரு பெயருக்குச் செய்வது போன்றது இப்பணி.

ஆட்சி எல்லைகளின் மாற்றத்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. பாலவனத்தம் வட்டாரத்திலிருந்து 1880இல் ஒருவர் சென்றிருந்தால் ஏட்டில் 'மதுரை' என்றே இருக்கும். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் அமைக்கப்பட்டது. 1985இல் அது மூன்றாகப் பிரிந்தது. இவ்வட்டாரம் காமராசர் மாவட்டம் ஆகி, பின்னர் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. இவ்வரலாறு அறியாதவர் மதுரை நகரத் தெருக்களில் தம் மூதாதையைத் தேடி மனம் சோர்ந்து திரும்புவர்.

ஊர்ப்பெயர் ஒன்று பிழையின்றி நிலைத்தால் அதன் ஆற்றல் எத்தகையது என்பதற்கு வள்ளியம்மையே சான்று. 1898இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறாம் அகவையில் உயிர்நீத்த அப்பெண், தில்லையாடியைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் உலகம் அவரைத் தில்லையாடி வள்ளியம்மை என்றே அழைக்கிறது. 1915இல் காந்தியடிகள் அவ்வூர்க்கு வந்தார். காணாத ஊர், மகளை ஏற்றுக்கொண்டது.

4. ஏடில்லாத வழி

இனி, ஏடு வாய்க்காதவர் நிலையைக் காணலாம். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மிகுதியானோர் சென்றது இலங்கைக்கே. அது கப்பலில் எண்ணிட்டு ஏற்றிய பயணம் அன்று. கங்காணி தன் ஊருக்கு வருவான், முன்பணம் தருவான், உறவும் சுற்றமுமாக ஆள் திரட்டுவான். இராமேசுவரக் கரையில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். காலராவால் வழியில் வீழ்ந்தவர்க்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. தோட்டத்தை அடைந்தவர் பெயர் பிரட்டுக் களத்திலும் கங்காணியின் கடன் கணக்கிலும் மட்டுமே இருந்தது. கடன் தொகை குறித்த 'துண்டு'ச் சீட்டு 1921இல் ஒழிக்கப்படும்வரை அதுவே அவர்தம் அடையாளம். குழந்தைகள் பிறந்தன, பதிவாகாமலே வளர்ந்தன.

இதன் விளைவு 1948இல் தெரிந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவனிடத்தும் தந்தை அங்கே பிறந்தமைக்கோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தமைக்கோ சான்று கேட்டது. தாய்வழி பற்றி அது பொருட்படுத்தவில்லை. காப்பித் தோட்டக் காலத்தில் காடழித்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? பல இலட்சம் பேர் நாடற்றோர் ஆயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இந்தியாவுக்குரியவராகத் தீர்மானிக்கப்பட்டோர் 'சொந்த ஊர்' எது என்னும் கேள்விக்கு விடை கூறவேண்டியிருந்தது. பாட்டி சொன்ன பேச்சும், பாட்டும், குலதெய்வத்தின் பெயருமே பலர்க்கு விடையாயின. மலையக மக்கள் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தமை இலக்கியத் தொண்டு மட்டுமன்று. ஏடில்லாதவரின் ஏட்டைக் காத்த பணி. இலங்கையிலேயே தங்கி நாடற்றிருந்தோர்க்கு 2003இல்தான் தனிச் சட்டத்தால் குடியுரிமை கிடைத்தது. 55 ஆண்டுகள்! ஏடின்மை ஒரு மக்களிடம் வாங்கிய விலை அது.

5. செய்யத்தக்கது

பாலவனத்தம் ஜமீன் குடும்பத்திற்கு ஏடு உரிமையை நிலைநாட்டியது. நேட்டால் கூலிக்கு அது ஊரை மீட்டுத் தந்தது. இலங்கைத் தோட்டத்தார்க்கு அதன் இன்மை நாட்டையே பறித்தது. ஆகவே மூதாதையரைத் தேடுதலும் குறித்துவைத்தலும் பெருமைக்கு அல்ல, உரிமைக்கே என்பது தெளிவு.

அயலகத்திலிருந்து தேடி வருவோர்க்கு இக்கரிசல் ஊர்கள் காட்டக்கூடிய ஏடுகள் இல்லாமல் இல்லை. கோயில் தலைக்கட்டு வரிக் குறிப்பேடு உண்டு. குலதெய்வக் கோயிலில் மகா சிவராத்திரிக்குக் கூடும் பங்காளிகள் பட்டியல் உண்டு. பழைய கிரயப் பத்திரம் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு உண்டு. இவற்றினும் வளமானது ஒவ்வொரு வீட்டிலும் உறங்கும் மொய் நோட்டு. பெயர், தந்தை பெயர், ஊர், முறை ஆகிய அனைத்தும் அதில் உள. திருமணம் முடிந்து சில ஆண்டுகளில் அது பழைய தாளோடு எடைக்குப் போய்விடுகிறது. சங்கப் புலவர்க்கு வாய்த்த ஒற்றை வரிக்குறிப்புப் போன்றவை நூற்றுக்கணக்கில் அதில் இருப்பதை எண்ணுவார் இலர்.

ஆதலின் பத்தாண்டு நிறைவு கொண்டாடும் இவ்விலக்கிய வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மொய் நோட்டைக் காத்து வைப்பாராக. குடும்ப வரலாறு எழுதும்போது பாட்டனார் பெயரோடு நில்லாமல் பாட்டியார் பெயரையும், அவர் பிறந்த ஊரையும் சேர்த்து எழுதுவாராக. வெளியூர் போய்த் திரும்பாத அண்ணன், அக்காள், சித்தப்பன் என்போரின் பெயரை, எந்த ஆண்டு, எந்தத் திசை என்னும் குறிப்புடன் ஒரு வரியேனும் பதிவு செய்வாராக. பாண்டித்துரைத் தேவர் மதுரைச் சங்கத்தின் பாண்டியன் புத்தகசாலையில் சிதறிய சுவடிகளைத் திரட்டினார். அவர் ஊரைச் சார்ந்தோர் சிதறிய பெயர்களைத் திரட்டுவது அவர்க்குச் செய்யும் தக்க நன்றிக்கடன் ஆகும்.

வாழ்க தமிழ்!