நிரூபிக்க வேண்டியவர் யார்?



2024 மே 20 அன்று சர் பிரையன் லாங்ஸ்டாஃப் என்ற முன்னாள் நீதிபதி, இலண்டனில் ஏழு தொகுதிகள் கொண்ட ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டார். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஏற்றிய இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் 30,000க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் கிருமிகள் தொற்றின. ஏறத்தாழ 3,000 பேர் இறந்துவிட்டார்கள். இந்தப் பேரழிவில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்க முடியும், நடந்ததை அரசு மறைத்தது என்று லாங்ஸ்டாஃப் எழுதினார். அன்றே பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். முதல் தொற்றுகளுக்கும் அந்த மன்னிப்புக்கும் நடுவே நாற்பதாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அத்தனை காலமும் அரசு அந்த நோயாளிகளை எப்படி நடத்தியது என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் தொற்று வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள ஒரு பையன் முழங்காலை இடித்துக்கொண்டால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வீங்கும். இரவு முழுக்கத் தூங்க முடியாது. 1970களில் அவனுக்கு ஃபேக்டர் 8 என்ற மருந்து வந்தது. சிறிய குப்பியில் வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே நரம்பில் ஏற்றலாம். பெற்றோருக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தப் பொடியில் ஒரு தொகுப்பைத் தயாரிக்க ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கொட்டினார்கள். அதில் கணிசமான பங்கு அமெரிக்காவில் காசுக்காக இரத்தம் கொடுத்தவர்களிடமிருந்தும் சிறைக் கைதிகளிடமிருந்தும் எடுத்தது. ஒருவருக்குக் கிருமி இருந்தாலே அந்தத் தொகுப்பு முழுவதும் கெட்டுவிடும்.

ஹாம்ப்ஷயரில் டிரெலோர் என்றொரு உறைவிடப் பள்ளி. வளாகத்துக்குள்ளேயே ஹீமோபிலியா சிகிச்சை மையமும் இருந்தது. 1970க்கும் 1987க்கும் இடையில் ஹீமோபிலியா உள்ள 122 பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அறிக்கை வெளிவந்தபோது அவர்களில் உயிரோடிருந்தவர்கள் சுமார் 30 பேர். பெற்றோருக்குச் சரியாகச் சொல்லாமலே அந்தப் பிள்ளைகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியிருந்தார்கள்.

அரசுக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தின் தலைவர் டாக்டர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த், 1978க்குப் பிறகு அமெரிக்காவில் எடுத்த இரத்தத்திலிருந்து தயாரித்த பொருட்களை நிறுத்திவைக்கச் சொல்லி 1983 மே மாதமே சுகாதாரத் துறைக்கு எழுதினார். நிறுத்தவில்லை. இரத்தப் பொருட்களால் எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்பதே அந்த ஆண்டு முழுவதும் அமைச்சர்கள் சொன்ன பதில். ஆபத்து இருக்கிறது என்று பிறர் நிரூபித்துக் காட்டும் வரை அரசு அசைய வேண்டியதில்லை என்பது அதன் பொருள். அந்த மனப்பான்மைதான் பின்னர் நோயாளிகள் மீதும் திரும்பியது.

1988இல் மக்ஃபார்லேன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை நிறுவி, எச்.ஐ.வி. தொற்றிய ஹீமோபிலியா நோயாளிகளுக்கு உதவ அரசு ஒரு கோடி பவுண்டு கொடுத்தது. பொறுப்பு எதையும் ஏற்காமல், கருணையின் பேரில் கொடுத்த பணம். ஓர் அறக்கட்டளையின் மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது: கடனை அடைக்க வேண்டியவன் தருமம் செய்வதாகக் காட்டிக்கொள்ள அந்த அறக்கட்டளை உதவியது. வருமானம் எவ்வளவு, வீட்டில் யார் யார், எதற்காகப் பணம் என்று எழுதிக்கொடுத்து, விலைப்புள்ளிகளை இணைத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பிச்சை கேட்பது போல் இருந்தது என்று லாங்ஸ்டாஃப் விசாரணையில் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சியம் சொன்னார்கள்.

1991இல் வழக்குத் தொடுத்தவர்களோடு அரசு சமரசம் செய்துகொண்டது. பணம் வேண்டுமானால் இனி வழக்குப் போடுவதில்லை என்று கையெழுத்திட வேண்டும். ஹெபடைடிஸ் தொற்றுக்காகவும் வழக்குப் போடக்கூடாது. கையெழுத்திட்ட பலரின் உடலில் ஹெபடைடிஸ் சி கிருமி அப்போதே இருந்தது. அதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாகும் தறுவாயில் இருந்தவர்கள், பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டுமே என்று கையெழுத்திட்டார்கள். இந்த வரலாற்றில் நான் மன்னிக்க முடியாத பக்கம் இதுதான்.

ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காக 2004இல் வந்தது ஸ்கிப்டன் நிதி. முதல் கட்டத் தொகை 20,000 பவுண்டு. 2003 ஆகஸ்ட் 29க்கு முன் இறந்துபோனவர்களின் குடும்பத்துக்கு அப்போது ஒன்றும் கிடையாது. உயிரோடிருப்பவர், தனக்கு இரத்தம் ஏற்றினார்கள் என்பதைக் காட்ட வேண்டும். பிரசவத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இருபது, முப்பது ஆண்டு கழித்துக் கல்லீரல் கெட்டுப்போன பிறகுதான் அவருக்கு நோயே தெரியவருகிறது. கேஸ் ஷீட் கேட்டு மருத்துவமனைக்குப் போகிறார். பழைய தாள்களையெல்லாம் அழித்துவிட்டோம் என்கிறார்கள். தாள் இல்லாததால் விண்ணப்பம் தள்ளுபடி. போதை ஊசி போட்டதுண்டா என்ற கேள்வியும் விண்ணப்பத்தில் இருந்தது. சான்றைத் தன் வசம் வைத்திருந்ததும் அதை அழித்ததும் சுகாதார சேவை. அது இல்லாமல் போனதற்குத் தண்டனை நோயாளிக்கு.

இதையெல்லாம் ஆராய ஆர்ச்சர் பிரபு நடத்திய விசாரணை 2009இல் முடிந்தது. யாரையும் கட்டாயமாக அழைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஸ்காட்லாந்தில் பென்ரோஸ் விசாரணை 2015இல் ஒரே ஒரு பரிந்துரையோடு நின்றபோது, பாதிக்கப்பட்டவர்கள் அறிக்கைப் பிரதியை வாசலிலேயே கொளுத்தினார்கள். பிரதமர் தெரசா மே 2017இல் அறிவித்த, லாங்ஸ்டாஃப் நடத்திய விசாரணைக்குத்தான் முழு அதிகாரம் இருந்தது. அதன் பிறகும் அரசு தானாக இறங்கிவரவில்லை. இழப்பீட்டுக்குத் தனி ஆணையம் வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் டயானா ஜான்சன் கொண்டுவந்த திருத்தம், 2023 டிசம்பரில் 246க்கு 242 என்ற வாக்கில் அரசைத் தோற்கடித்தது. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். 2025 ஜூலையில் லாங்ஸ்டாஃப் மறுபடியும் ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. இழப்பீடு கொடுப்பதில் நடக்கும் தாமதமே பாதிக்கப்பட்டவர்களை மேலும் காயப்படுத்துகிறது என்றது அது.

ஜப்பானிலும் ஹீமோபிலியா நோயாளிகளுக்கு இதே கதி நேர்ந்தது. அங்கே 1996இல் சுகாதார அமைச்சராக வந்த நவோதோ கான், இல்லவே இல்லை என்று அதிகாரிகள் சாதித்துவந்த கோப்புகளைத் தேடி எடுக்க வைத்தார். பாதிக்கப்பட்டவர்கள் முன் தலை தாழ்த்தி அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே சமரசம் ஏற்பட்டது. மனம் இருந்தால் ஓர் அரசால் அவ்வளவு விரைவில் செய்ய முடியும்.

நம் ஊருக்கு வருகிறேன். 2018இல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞரே தன் தொற்றை அறிந்ததும் முன்வந்து சொன்னார். பதிவேடு கையில் இருந்ததால் அந்த இரத்தம் யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க முடிந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் அரசு வேலையும் கொடுக்க உத்தரவிட்டது. அதே தொற்று ஹெபடைடிஸ் சி ஆக இருந்து, இருபது ஆண்டு கழித்து வெளிப்பட்டிருந்தால்? நம் நாட்டு விதிப்படி இரத்த வங்கி தன் பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஆறாம் ஆண்டில் அந்தப் பெண்ணும் வெறுங்கையோடுதான் நிற்பார்.

இந்த அவையில் மருத்துவ அதிகாரிகள் இருக்கிறீர்கள், சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு இன்று பெரிய செலவில்லை. யார் இரத்தம் யாருக்கு ஏறியது என்ற பதிவை 30 ஆண்டுகளாவது காக்க வேண்டும். பதிவு இல்லாமல் போனால் நோயாளியின் சொல்லையே ஏற்க வேண்டும். இந்த இரண்டையும் விதியாக்கும்படி அரசை வற்புறுத்துங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.