வலி வந்தால் பயம் வேண்டாம்



சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தை பிழைக்காது என்று மக்கள் பயந்தார்கள். அதனால் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள். வயற்றாட்டி என்று மலையாளத்தில் சொல்லப்படும் மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தார்.

1916-இல் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் தைக்காடு பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பேச்சோடு நிற்கவில்லை. தம் முதல் குழந்தையை அதே ஆஸ்பத்திரியில் பெற்றார். மருத்துவச்சிகளை ஒதுக்கவும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி கொடுத்தார். மக்களின் பயம் மெல்ல விலகியது.

இன்று கேரளத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனால் வலி வந்த பெண்ணுக்கு வேறு பயம் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்? எப்படிப் படுப்பது? இவை தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உண்மை வலியா, சூட்டு வலியா?

சூட்டு வலி விட்டு விட்டு வரும். ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். உண்மை வலி அடங்காது. இடுப்பில் தொடங்கி அடிவயிற்றுக்கு வரும். நேரம் போகப் போக வலி கூடும். இடைவெளி குறையும். சளி போன்ற இரத்தக் கறை படலாம். பனிக்குடம் உடைந்து நீர் வரலாம்.

சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்து, அதற்காகவே காத்திருப்பது சரியல்ல. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வலி வந்தால் புறப்பட வேண்டும். வீடு தூரமாக இருந்தாலும், இரண்டாவது பிரசவமாக இருந்தாலும் இன்னும் முன்பே புறப்பட வேண்டும்.

முதல் கட்டம்: கருப்பை வாய் திறக்கிறது

ஒவ்வொரு வலியிலும் கருப்பை சுருங்குகிறது. அதன் வாய் மெல்லத் திறக்கிறது. பத்து சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். இதுவே நீண்ட கட்டம். ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகு, முதல் பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் இது முடியும். அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்குள் முடியும்.

இந்த நேரத்தில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மெதுவாக நடக்கலாம். சுவரைப் பிடித்து முன்னால் சாய்ந்து நிற்கலாம். நாற்காலியில் உட்காரலாம். இடுப்பு மிகவும் வலித்தால், கையையும் முழங்காலையும் ஊன்றி இருக்கலாம். களைத்தால் இடப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். நடந்தும் நிமிர்ந்தும் இருக்கும் பெண்களுக்கு முதல் கட்டம் சுமார் ஒரு மணி நேரம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுக் குடிக்கலாம். இந்தக் கட்டத்தில் முக்கக் கூடாது. முக்கினால் களைப்புதான் மிஞ்சும்.

இரண்டாம் கட்டம்: குழந்தை பிறக்கிறது

வாய் முழுவதும் திறந்தபின் தானாகவே முக்கத் தோன்றும். வலி வரும்போது முக்க வேண்டும். வலி விட்டதும் ஓய்வெடுக்க வேண்டும். முதல் பிரசவத்தில் இது மூன்று மணி நேரம் வரை ஆகலாம். பிறர் வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளுவது நல்லதல்ல.

முன்பு வீட்டில் பெண்கள் குந்தி உட்கார்ந்தும், கயிற்றைப் பிடித்துக்கொண்டும் பிள்ளை பெற்றார்கள். ஆஸ்பத்திரி வந்தபின் மல்லாந்து படுப்பதே வழக்கமாயிற்று. அது பிரசவம் பார்ப்பவருக்கு வசதி. ஆனால் வெகு நேரம் மல்லாந்து கிடந்தால், கருப்பையின் கனம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையலாம். குந்தியோ, சாய்ந்து உட்கார்ந்தோ, ஒருக்களித்தோ இருப்பது பல பெண்களுக்கு எளிதாக இருக்கிறது.

மூன்றாம் கட்டம்: நஞ்சு விழுகிறது

குழந்தை பிறந்தவுடன் வேலை முடியவில்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் நஞ்சு வெளியே வரும். இரத்தப்போக்கு அதிகமாகாமல் இருக்கத் தாய்க்கு ஊசி போடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டும்.

கேட்பதில் தவறில்லை

தாய் தனக்கு வசதியான நிலையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் இதையே சொல்கிறது. பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றும் அது சொல்கிறது.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இடவசதி ஒரே மாதிரி இருக்காது. ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுவது நல்லது. "நடக்கலாமா? ஒருக்களித்துப் படுக்கலாமா? அம்மா கூட இருக்கலாமா?" என்று கேளுங்கள். மலையாளம் சரளமாக வராவிட்டாலும் தயங்க வேண்டாம். ஆஷா பணியாளரைக் கூட அழைத்துப் போகலாம்.

இரத்த அழுத்தம் அதிகமானாலோ, குழந்தையின் நாடித்துடிப்பு சரியில்லை என்றாலோ டாக்டர் வேறு மாதிரி படுக்கச் சொல்வார். அப்போது அவர் சொல்படிதான் செய்ய வேண்டும். காரணத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தாமதிக்கக் கூடாத நேரம்

• இரத்தம் அதிகமாகப் போகிறது.
• வலிப்பு வருகிறது.
• தலை கடுமையாக வலிக்கிறது, கண் மங்குகிறது.
• குழந்தையின் அசைவு குறைகிறது.
• பனிக்குட நீர் பச்சையாக வருகிறது.
• பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பாதுகாப்பும் வேண்டும். தாயின் உடலுக்கு வசதியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். வாய் திறந்து கேட்டால் கிடைக்கும். இதைப் பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் இன்றே படித்துக் காட்டுங்கள்.