பழவேற்காட்டில் புதையாத பிரபு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைப் பாடாத கவிஞர் இவ்வட்டத்தில் குறைவு. வாயிலில் காவல் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களும் மணற்கடிகாரமும் நம் கவியரங்குகளில் வந்து வந்து களைத்துவிட்டன. அவை சற்று ஓய்வெடுக்கட்டும். அத்தோட்டத்தில் புதைக்கப்படாத ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் எந்திரிக் வான் ரீடு. உத்திரெக்டு நாட்டுப் பிரபு குலத்தில் 1636இல் பிறந்தவர். டிராக்கன்ஸ்டைன் என்னும் குடும்ப நிலவுடைமையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். பிரபுக்கள் தம் நிலவுடைமையைப் பெயரில் சுமப்பது அந்நாட்டு வழக்கம். தென்னாப்பிரிக்காவில் ஒரு பள்ளத்தாக்கிற்கே அப்பெயர் 1687இல் இடப்பட்டது. மலையாளக் கரையில் ஆளுநராக இருந்தபோது அவர் தொடங்கிய 'ஓர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இறுதித் தொகுதியைக் காண அவர் உயிரோடு இல்லை.

நம் ஊருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு கசப்பானது. 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக முக்கால் நூற்றாண்டு விளங்கியது. கம்பெனியின் ஊழல்களை ஆராயும் ஆணையராக வந்த வான் ரீடின் முடிவால், 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்குப் போயிற்று. ஒரு பிரபுவின் கையெழுத்தில் ஓர் ஊரின் தலைவிதி! பின்னர் 1825இல் பழவேற்காடே ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை இன்று புதர் மூடிய மேடு.

1691 டிசம்பரில் கொச்சியிலிருந்து சூரத்துக்குக் கப்பலில் செல்லும் வழியில் அவர் இறந்தார். மணம் செய்துகொள்ளாதவர். குலத்து முன்னோர் உறங்கும் மண்ணுக்கு அவர் உடல் போகவில்லை. சூரத்தில் அவருக்கு எழுந்த மாட மண்டபம், அங்கே ஆங்கிலேயரான ஆக்சிண்டன் சகோதரர்களுக்கு இருந்த கல்லறையை விஞ்சவே கட்டப்பட்டது என்பர். சாவிலும் வணிகப் போட்டி!

இதையெல்லாம் சொல்வது அவரைப் போற்ற அன்று. நம் தோட்டத்துக் கல்வெட்டுகளில் குலச் சின்னங்கள் உண்டு, பட்டங்கள் உண்டு. ஆனால் இதே துறையிலிருந்து, பஞ்ச காலங்களில், அடிமைகளாக விலைபோய்ப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் மக்கள் எங்கே புதைந்தார்கள்? அவர்களுக்குக் கல் இல்லை. கடலில் போன நம் குப்பத்து மீனவர்க்கும் பெரும்பாலும் கல் இல்லை. அழகிய இடிபாடு என்று அத்தோட்டத்தைப் பாடுகையில் இது எனக்கு உறுத்துகிறது. நானும் அப்படிப் பாடியவள்தான்.

எனினும் அந்தப் பிரபுவிடம் ஒன்றைக் கற்கலாம். செடியின் பெயரை அவர் உள்ளூரார் வாயிலிருந்தே எழுதிக்கொண்டார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர், தம் குடும்பச் சுவடியிலிருந்து மருந்துகளைச் சொன்னதாகத் தந்த உறுதிமொழி, அவர் கையெழுத்தின் வடிவிலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. புதைத்த கல்லைவிட அந்தப் பக்கமே வான் ரீடை நினைக்க வைக்கிறது.

நம் ஏரியிலோ, எந்த நாளில் யார் எங்கே வலை விரிப்பது என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஏற்பாடு தலைமுறைகளாக நடக்கிறது. கோட்டைக்குப்பம், நடுமாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் முதியோர் அம்முறையை, அதன் சொற்களை, மீனின் பெயர்களை, காற்றின் பெயர்களை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். உவர்நீர் முகத்துவாரம் தூர்ந்து மீன் குறையும்போது முறையும் தளரும். சொற்களும் கூடவே போகும்.

பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல், கோட்டைக்குப்பத்துக் கரையில் வைக்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். கவிதை ஏடுகளோடு வெற்று ஏடும் ஒன்று கொண்டுவாருங்கள். சொல்பவர் பெயரை முதலில் எழுதுவோம்.