விரல் ஓட வேண்டுமென்றால்...

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார். பாலத்தைப் பற்றியும் பாய்லரைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கத்திலேயே நாற்பது பேர் இருப்பார்கள். ஆகவே இசைக் குழுத் தம்பிகள் கேட்ட கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். "அண்ணே, கிட்டார்ல விரல் ஸ்பீடா ஓடணும், பலமா அழுத்தணும். என்ன எக்சர்சைஸ் பண்ணலாம்?"

முதலில் ஒரு சின்னச் சோதனை. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். உள்ளே ஏதோ நெளிகிறதல்லவா? அதுதான் எஞ்சின் ரூம். விரலுக்குள் தசை கிடையாது. தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி தசைநாண்கள் வந்து விரலை இழுக்கின்றன.

இன்னொன்று. உள்ளங்கையை மேசைமேல் வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்குங்கள். வரலை, இல்லையா? (சிரிப்பு.) பலம் இல்லாததால் அல்ல. விரல்களை நிமிர்த்தும் நாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்காமல் மோதிர விரல் எழுந்திருக்காது. எத்தனை பயிற்சி செய்தாலும் இந்தப் பிணைப்பு அறுந்துவிடாது, அறுக்கவும் முயலக்கூடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அறைத்தோழன் ஒருவன். எங்கள் செட்டில் அவனைப்போல் வாசித்தவர் யாருமில்லை. கல்ச்சுரலுக்கு ஒரு மாதம் முன்னால் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை வாங்கி, தினமும் நூற்றுக்கணக்கான முறை அமுக்கினான். மணிக்கட்டில் வலி வந்தது. "பழகினா சரியாயிடும்டா" என்று அதன்மேலேயே வாசித்தான். அந்த செமஸ்டர் பரீட்சையில் பேனா பிடிக்கவே சிரமப்பட்டான். அதன்பிறகு இரண்டு வருஷம் கிட்டாரைத் தொடவில்லை. மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

அவனுக்குப் பலம் போதாமல் இல்லை. தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தான். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். எவ்வளவு அழுத்தம் தேவை என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். கம்பியின்மேல் விரலைச் சும்மா வைத்து மீட்டுங்கள். 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும். மீட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். முதலில் 'சர்ர்' என்று இரையும், பிறகு திடீரென்று நாதம் தெளியும். அந்த இடத்தோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போடுவதெல்லாம் வீண். விரல் ஃப்ரெட்டுக்கு, அதாவது வீணையில் மெட்டு என்கிறோமே, அதற்குச் சற்றுப் பின்னால் ஒட்டி விழுந்தால் இன்னும் குறைவாகவே அழுத்தினால் போதும். தினம் ஐந்து நிமிஷம் இதை மட்டும் செய்யுங்கள்.

அப்படியும் கஷ்டமாக இருந்தால் குற்றம் கிட்டாருடையதாக இருக்கலாம். மலிவான கிட்டார்களில் கம்பி உயரமாக நிற்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பாருங்கள். ஸ்டீல் கம்பி என்றால் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருப்பது நல்லது. அது கம்பியின் நடுப்புள்ளி. ஆகவே அங்கே 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் பிரிட்ஜில் உள்ள சாடிலின் அடிப்பக்கத்தை 2 மி.மீ. தேய்க்க வேண்டும். அரமும் பொறுமையும் போதும். ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, ஞாபகம்!

அடுத்தது எங்கே தொடங்குவது என்பது. எல்லாரும் முதல் ஃப்ரெட்டிலேயே தொடங்குகிறார்கள். 650 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் நான்கு கட்டங்களின் அகலம் சுமார் 134 மி.மீ. அதையே ஐந்திலிருந்து எட்டாவது கட்டம் வரை கணக்குப் போட்டால் 106 மி.மீ.தான். புதிய கைக்கு அந்த 28 மி.மீ. பெரிய விஷயம். அங்கே பழகிவிட்டு, வாரத்துக்கு ஒரு கட்டமாகக் கீழே இறங்கி வாருங்கள்.

நான்கு விரல்களை வரிசை மாற்றி வைக்க 24 வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உருட்ட வேண்டாம், இரண்டு போதும். பாட்டு கற்ற தங்கைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிறோமே, அதே முறைதான். தாளத்துக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. மெட்ரோனோம் போனிலேயே இருக்கிறது. நிமிஷத்துக்கு 120 தாளத்தில் நான்கு நான்காக வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 125 மில்லிசெகண்ட். அதற்குள் இரண்டு அங்குலம் எழும்பிப் பறக்கும் சுண்டு விரல் எப்படித் திரும்பி வந்து சேரும்? ஆகவே மெதுவாக வாசிக்கும்போதே விரல் கம்பியை விட்டு அதிகம் விலகாமல் பழக்குங்கள். முதல் காலத்தில் பறக்கிற விரல் மூன்றாம் காலத்திலும் பறக்கும்.

பலம்தான் எல்லாம் என்று இன்னமும் நினைப்பவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928-ல் தான் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கிப் போனவர். மீதி இரண்டு விரல்களில்தான் அந்த அதிவேக சோலோக்கள். பின்னாளில் பர்மிங்காம் தகரப் பட்டறை ஒன்றில் டோனி அயோமி என்ற பையன் இரண்டு விரல் நுனிகளை இழந்தான். இடதுகைக்காரன், ஆகவே இழந்தது ஃப்ரெட்டில் வைக்கும் வலது கை விரல்களை. பட்டறை மேலாளர் கொண்டுவந்து கொடுத்தது ஜாங்கோவின் இசைத்தட்டு. பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான், மெல்லிய கம்பி போட்டான். 1971-ல் பிளாக் சபாத் குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போவது. போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 29 சதவீதம் சுமை குறைகிறது. விரலை மாற்ற வழியில்லாதவர் சுமையை மாற்றினார். டிசைன் பேப்பரில் இதை எழுதியிருந்தால் நம் பேராசிரியர்கள் முழு மார்க் போட்டிருப்பார்கள்.

நுனி விரல் எரிவது தோல் காய்த்துப்போகும் வரைதான். சில வாரத்தில் போய்விடும், கவலை வேண்டாம். ஆனால் மணிக்கட்டில் வலியோ, விரலில் மரத்துப்போவதோ இருந்தால் அன்றைக்கு கிட்டாரை உறையில் போடுங்கள். மறுநாளும் இருந்தால் டாக்டரிடம் போங்கள், சீனியரிடம் அல்ல. என்னிடமும் அல்ல.

டீக்குப் பிறகு இசைக் குழு அறையில் அரத்தோடு உட்கார்ந்திருப்பேன். கம்பி உயரமாக நிற்கும் கிட்டார் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். என் அறைத்தோழனும் வருவான். இப்போது மறுபடி வாசிக்கிறான், தினம் இருபது நிமிஷம்.